வெறுங்கை கடைசியில்தான் வரும்

சாலைக் கடைவீதியில் கணக்கெழுதும் நண்பர் ஒருவர் கேட்டார்: "மகள் டியூஷன் முடிந்து இருட்டிய பிறகு தனியாக வருகிறாள். கோட்டைப் பக்கம் இருக்கும் களரியில் சேர்த்துவிட்டால், எவனாவது கையைப் பிடித்தால் உதறிவிட்டு வரக் கற்றுக்கொள்வாளா, சார்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு நாள் காலை ட்யூட்டிக்கு முன்பாகப் போய்ப் பார்த்தேன்.

பத்மநாபசுவாமி கோயிலுக்கு அருகே, கிழக்கேக்கோட்டையில் இருக்கிறது சி.வி.என். களரி. அந்த மூன்று எழுத்தும் தலசேரி சி.வி. நாராயணன் நாயரின் பெயர். அருகிப்போயிருந்த களரிப்பயிற்றுக்கு மீண்டும் உயிர் கொடுத்தவர்களில் ஒருவர் அவர். அவருடைய மகன் கோவிந்தன்குட்டி நாயர் 1956-ல் இங்கே இதைத் தொடங்கினார். நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்ததும் அதே ஆண்டில்தான்.

மேலே நின்று பார்த்தால் கீழே பள்ளத்தில் மண்தரை. எண்ணெய் தேய்த்த உடம்போடு பிள்ளைகள் வாய்த்தாரிக்கு ஏற்பக் காலை வீசுகிறார்கள், உட்கார்ந்து எழுகிறார்கள். கையைப் பிடித்தவனை உதறும் வித்தை எதுவும் அங்கே கண்ணில் படவில்லை.

படாததற்குக் காரணம் உண்டு. வடக்கன் முறையில் முதலில் மெய்த்தாரி, அதாவது உடற்பயிற்சி. அடுத்து கோல்தாரி, நெடிய கம்பு, குறுவடி, யானைத் தந்தம்போல் வளைந்த ஒற்ற. மூன்றாவது அங்கத்தாரி, கட்டாரி, வாள், கேடயம், உறுமி. வெறுங்கை இவற்றுக்கெல்லாம் பிறகு. எதிரி ஆயுதத்தோடு வருவான் என்று வைத்துக்கொண்டு கற்பிப்பது அது. ஆயுதத்தின் வீச்சையும் தூரத்தையும் கை அறிந்திராவிட்டால், வெறுங்கையோடு அதன் முன்னால் போய் நிற்பது தற்கொலைதான். ஆகவே வருடங்கள் ஆகும்.

நம் தென்பக்கத்து அடிமுறை நேர்மாறு. தெற்கன் களரி என்றும் சொல்வார்கள். குமரி மாவட்டத்து ஆசான்கள் சுவடு வைக்கும்போதே அடி, தடை, பிடி என்று கையிலிருந்து ஆரம்பிப்பார்கள். கம்பு பின்னால் வரும். வர்மம் நூற்றெட்டு, அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. அதை மட்டும் ஆசான்கள் சுலபத்தில் சொல்லித்தர மாட்டார்கள். அது நல்லதும்கூட.

ஜப்பானிய ஜுஜுத்சுவிலும் இதே வழக்கு நடக்கிறது. வாள் கைவிட்டுப்போன போர்வீரன் உயிர் தப்பப் பிறந்த வித்தை அது. பிரேசில் போய்த் தரைப்பிடியில் தேர்ந்து, 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியாகவும் ஆகிவிட்டது. போட்டியில் குத்து கிடையாது, பாயிண்டு உண்டு. அதனால் பல பள்ளிகளில் குத்தைத் தடுப்பதும், நின்றபடியே பிடியை விடுவிப்பதும் ஓரத்துக்குப் போய்விட்டன என்பது பழையவர்கள் குறை. களரியும் அந்தப் பாதையில் காலெடுத்து வைத்திருக்கிறது. 2022-ல் பஞ்ச்குலாவில் நடந்த கேலோ இந்தியாவில் அதற்கும் போட்டி வைத்தார்கள். பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கிடைக்கிறது, சந்தோஷம். ஆனால் மேடையில் அழகாகத் தாவுகிறவன் தெருவிலும் தப்புவான் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

நண்பரிடம் இப்படிச் சொன்னேன்: அவசரம் என்றால் கேரள போலீஸ் பெண்களுக்காக இலவசத் தற்காப்பு வகுப்பு நடத்துகிறது. கற்பிப்பவர்களும் பெண் போலீசாரே. கையை முறுக்கி விடுவிப்பது, உரக்கக் கத்துவது, ஓடுவது, இவை அங்கே முதல் பாடம். களரிக்கு அனுப்பினால் காலும் மூச்சும் பலப்படும், பயம் தெளியும். கைப்பிடியை உதறுவது முதல் வருடத்தில் வராது.

"இரண்டுக்கும் அனுப்பிவிடுகிறேன்" என்றார்.

"மகளிடம் கேட்டீர்களா?"

"இனிமேல்தான்."