ரேகை வைத்த கடன்

உழைத்தவர் வழக்கு – 9

"வாங்குன காசத் திருப்பிக் குடுக்காம புள்ளைய எப்படித் தம்பி வீட்டுல வச்சுக்கிறது? நாளப்பின்ன அவுக மூஞ்சில முழிக்க வேணாமா?"

எழுமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு தாய் என்னிடம் கேட்டது இது. மகன் பதின்மூன்று வயதில் வடக்கே முறுக்குக் கம்பெனிக்குப் போனவன். இப்போது பதினைந்து. யாரும் மீட்கவில்லை, அவனாகவே ரயிலேறி ஓடி வந்துவிட்டான். வந்த மறுநாளே ஆள் வந்து வாசலில் நின்றிருக்கிறது: ஒன்று பையனை அனுப்பு, இல்லையென்றால் அட்வான்ஸை எண்ணி வை. வெள்ளைத்தாளில் அவர் வைத்துக் கொடுத்த கட்டைவிரல் ரேகை அவர்களிடம் இருக்கிறது.

உசிலம்பட்டி, சேடபட்டி, எழுமலை, பேரையூர் வட்டாரத்தில் முறுக்குக் கம்பெனி என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. மற்ற ஊர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இது மானாவாரி பூமி. மழை ஏமாற்றினால் பிழைப்பு வெளியூரில்தான். இங்கிருந்து மகாராஷ்டிரம், குஜராத், சத்தீஸ்கர் என்று போனவர்கள் அங்கே முறுக்கு, சீடை போட்டு விற்று வளர்ந்தார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கை கூடுதலாக வேண்டும் என்றபோது சொந்த ஊருக்கு வந்து, கல்யாணச் செலவிலோ ஆஸ்பத்திரிச் செலவிலோ தத்தளிக்கும் வீடாகப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் பழக்கமும் கூடவே வளர்ந்தது. வருகிறவர் பெரும்பாலும் தெரிந்தவர், சில வீடுகளில் மாமன் முறைக்காரர். அதனால்தான் இதைக் கடத்தல் என்று சொல்ல இந்த ஊரில் யாருக்கும் வாய் வருவதில்லை.

பையன் கையை நீட்டிக் காட்டினான். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை, கடுகை அள்ளித் தெளித்தாற்போலக் கறுத்த புள்ளிகள். கொதிக்கிற எண்ணெய் தெறித்த இடங்கள். விடிகாலை மூன்றரைக்கு எழுப்பிவிடுவார்களாம். மாவு பிசைந்து, அச்சில் அடைத்துப் பிழிந்து, சட்டியில் போட்டு எடுத்து, ஆறியதும் பாக்கெட் போட்டுக் கட்ட இரவு பத்து ஆகிவிடும். படுக்கை மாவு மூட்டைகளுக்கு நடுவில். "தூக்கத்துல கண்ணு சொருகுனா கரண்டியக் காயவச்சு முன்னாடி காட்டுவாக," என்று சொல்லிவிட்டுக் கையை மடக்கிக்கொண்டான்.

அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். சட்டத்தின் பதில்: அந்தக் கடன் இல்லை. தவணை கேட்பதற்கும் வட்டி குறைப்பதற்கும் அங்கே ஒன்றுமே கிடையாது. 1976-ல் வந்த கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின் ஆறாவது பிரிவு, உழைப்பைப் பிணையாக வைத்து வாங்கிய கடனைத் திருப்பித் தர வேண்டிய கடமையே அழிந்துபோயிற்று என்கிறது. அந்தப் பணத்துக்காக எந்த சிவில் கோர்ட்டிலும் வழக்குப் போட முடியாது. ரேகை வைத்த தாள் வெறும் தாள். ஒன்பதாவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: அப்படி அழிந்த கடனுக்காகப் பணம் வாங்கினால் வாங்கியவருக்கு மூன்றாண்டு வரை சிறை. வாங்கியதைத் திருப்பித் தரவும் கோர்ட் உத்தரவிடலாம்.

இது கொத்தடிமைக் கடன் இல்லை, கைமாற்று என்று எதிர்த்தரப்பு சொல்லும். சொல்லட்டும். அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு பதினைந்தாவது பிரிவின்படி கடன் கொடுத்தவருடையது. 1983 டிசம்பரில் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான். கட்டாய உழைப்பு நடந்திருந்தால் அதற்குப் பின்னால் முன்பணம் ஒன்று இருந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாத ஒரு தாய் ரசீது தேடி அலைய வேண்டியதில்லை.

"நாங்களா சம்மதிச்சுத்தான அனுப்புனோம்" என்ற குற்றவுணர்ச்சி இந்த வீடுகளைத் தின்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவைப் படித்தால் அது கொஞ்சம் ஆறும். சுரண்டுவதற்காக ஒருவரைச் சேர்த்துக்கொண்டு போவதும், அவரைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரின் சம்மதத்தைப் பணம் கொடுத்துப் பெறுவதும் ஆள்கடத்தல்தான். கடத்தப்பட்டவர் சம்மதித்தாரா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. அட்வான்ஸ் என்று நாம் சொல்வதைத்தான் அந்தப் பிரிவு சம்மதத்தை வாங்கிய விலையாகப் பார்க்கிறது.

இனி, கிடைக்க வேண்டியவை. எல்லாவற்றுக்கும் திறவுகோல் ஒரே தாள்: விடுதலைச் சான்றிதழ். கொடுக்க வேண்டியது மாவட்ட நிர்வாகம். இந்தப் பகுதியில் விசாரிக்க வேண்டியவர் உசிலம்பட்டி கோட்டாட்சியர். வெளிமாநிலத்தில் மீட்கப்படும் பிள்ளைகளைச் சான்றிதழ் இல்லாமலே ரயிலேற்றி அனுப்பிவிடுகிறார்கள். இங்கே வந்தால் "வேலை பார்த்தது அங்கேதானே" என்று கைவிரிக்கிறார்கள். எனக்கு இதில் சமாதானமே கிடையாது. அட்வான்ஸ் கைமாறியது இந்த மண்ணில், மிரட்டல் நடப்பது இந்த வாசலில். கொத்தடிமைக் கடன் கொடுப்பதே பதினேழாவது பிரிவின்படி தனிக் குற்றம். விசாரிக்க வேறென்ன வேண்டும்? போலீஸ் புகாரும் அப்படித்தான். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, எங்கே நடந்த குற்றமானாலும் எழுமலைக் காவல் நிலையத்திலேயே பதிய வைக்கலாம்.

சான்றிதழ் கைக்கு வந்தால் மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டம் திறக்கிறது. உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. முழு மறுவாழ்வுத் தொகை வளர்ந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், ஆள்கடத்தல் போன்ற கொடுமையான நேர்வுகளுக்கு 3 லட்சம். இரண்டாவதாக, பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தின் கீழ் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் மனுக் கொடுக்கலாம். வக்கீல் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். 1987-ம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், ஆள்கடத்தலுக்கும் கட்டாய உழைப்புக்கும் ஆளானவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் தருகிறது. 15100 என்ற எண்ணுக்குப் பேசினாலே போதும்.

மூன்றாவது, பலரும் மறந்துவிடுவது: கூலி. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்கும் வேலை எதுவானாலும் அது அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று 1982-லேயே, டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2025 நவம்பரில் நடப்புக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, குறைத்துக் கொடுத்த கூலியை மூன்றாண்டுக்குள் கேட்கலாம். அதற்கு மேல் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்க அதிகாரிக்கு உரிமை உண்டு. வேலை நடந்த மாநிலத்தில் போட வேண்டிய மனு என்பதுதான் சிரமம். அந்த தூரத்தை ஒரு குடும்பம் தனியாகத் தாண்ட முடியாது. சட்டப்பணிகள் ஆணைக்குழு அங்குள்ள ஆணைக்குழுவோடு பேசி நடத்தித் தர வேண்டும்.

பழைய சட்டத்தின் ஒரு வரி என்னைத் தூங்கவிடுவதில்லை. கொத்தடிமையாக வேலை வாங்கியவரிடம் அபராதம் வசூலானால், அதிலிருந்து உழைத்தவருக்கு நாளொன்றுக்கு ஐந்து ரூபாய் தர வேண்டும் என்று 1976-ல் எழுதினார்கள். இன்றும் ஐந்து ரூபாய்தான். அபராதத்தின் உச்சவரம்பும் 2,000 ரூபாய்தான்.

வெளியே இதற்கு என்ன மதிப்பு என்று பாருங்கள். கத்ரீனா புயலுக்குப் பிறகு 2006-ல் இந்தியாவிலிருந்து சுமார் 500 வெல்டர், பிட்டர்களை அமெரிக்காவின் மிசிசிப்பி, டெக்சாஸ் மாநிலங்களுக்குக் கூட்டிப்போனது சிக்னல் இண்டர்நேஷனல் என்ற கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனி. கிரீன் கார்டு வாங்கித் தருவதாகச் சொன்னதை நம்பிக் கடன்பட்டுப் போனவர்கள் அவர்கள். அமெரிக்க ஆள்கடத்தல் சட்டம் பாதிக்கப்பட்டவரே நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போட இடம் தருகிறது. 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் நடுவர் குழு ஐந்து தொழிலாளர்களுக்கு மட்டும் 1.4 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. கம்பெனி திவால் மனுப் போட்டது. கடைசியில் 2 கோடி டாலரில் மற்ற வழக்குகளும் சேர்த்து முடிக்கப்பட்டன. சுரண்டியவர் பையிலிருந்தே பணம் வர வேண்டும் என்ற நியாயம் நமக்கும் புதிதல்ல. 1996 டிசம்பர் 10 அன்று, சிவகாசிப் பிள்ளைகள் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில், குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. எழுமலையிலிருந்து சிவகாசி எத்தனை தூரம்?

பக்கத்தில்தான் பெருங்காமநல்லூர். குற்றப் பரம்பரைச் சட்டத்தில் பெயரைப் பதிந்து ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றதற்காக 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் உட்படப் பலர் செத்த ஊர். இதை அந்தத் தாயிடம் சொன்னேன். "தெரியும் தம்பி. எங்க அப்பத்தா சொல்லும்," என்றார்.

பிறகு மனு எழுத உட்கார்ந்தோம். பையன் வேலை பார்த்த நாட்களைக் கணக்கெடுக்க வேண்டும். அவரிடம் தேதி இல்லை, பொழுதுகள் இருந்தன. போன ஆடிக்கு முந்தின ஆடியில் போனான். மாசிச் சிவராத்திரிக்கு மூன்று நாள் வந்து குலசாமி கும்பிட்டுத் திரும்பினான். பொங்கலுக்கு விடவில்லை. காலண்டரைப் புரட்டி ஒவ்வொன்றாகக் குறித்தேன். வழக்கமான விடுமுறை என்று தீபாவளியைக் கழிக்கப் போனபோது பையன் தடுத்தான்.

"அன்னைக்குத்தாண்ணே ராத்திரி பூராம் வேல. அதையும் சேத்துக்கங்க."