நஞ்சா, மறுபிள்ளையா?

பிரசவத்தில் குழந்தைக்குப் பின் வெளிவரும் உறுப்பை இடப்பள்ளியில் 'மறுபிள்ளை' என்கிறார்கள். பாலக்காட்டைத் தாண்டிக் கோவைக்கு வந்தால் அதுவே 'நஞ்சு'. ஒரு மொழி பிள்ளையாக்கியதை இன்னொரு மொழி விஷமாக்கிவிட்டது. விஞ்ஞானத்தைக் கேட்டால், இரண்டு பெயருமே பொருத்தம்தான்.

கருவுக்கு உணவும் ஆக்சிஜனும் தருவது நஞ்சுக்கொடி. அது தழைக்க ரத்த நாளங்கள் வேண்டும். அவற்றை வளர்க்கும் புரதங்களை, அதாவது வளர்ச்சிக் காரணிகளை, அதுவே சுரக்கிறது. நாளச் சுவரின் செல்களில் அவற்றைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. காரணி சாவி என்றால் ஏற்பி பூட்டு. தாயின் ரத்த நாளங்கள் நலமாக இருப்பதும் இந்தச் சாவிகளால்தான்.

சிலருக்குக் கருப்பைத் தமனிகள் போதுமான அளவு விரிவதில்லை. ரத்தம் குறைந்த நஞ்சுக்கொடி, ஏற்பியின் குறுகிய வடிவங்களைத் தாயின் ரத்தத்தில் ஏராளமாகக் கொட்டுகிறது. எந்தச் செல்லிலும் பதியாமல் மிதக்கும் இந்தப் பூட்டுகள் சாவிகளையெல்லாம் அபகரித்துவிடுகின்றன. விளைவு: ரத்த அழுத்தம் எகிறுகிறது, சிறுநீரில் புரதம் ஒழுகுகிறது, முற்றினால் வலிப்பு. 'பிரிஎக்ளாம்சியா' எனும் இந்நோய்க்கு இன்றும் பிரசவம்தான் தீர்வு. மாதம் நிறையாவிட்டால் குழந்தையின் உயிர் ஊசலாடும்.

மிதக்கும் ஏற்பியைக் கூண்டில் ஏற்றியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சிறுநீரக மருத்துவர் அனந்த் கருமஞ்சி. 2003ல் பாஸ்டனில் அவரது குழு எலிகளின் உடலில் அதைப் பெருக்கிப் பார்த்தது. ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம் என்று நோயின் அடையாளங்கள் அப்படியே தோன்றின, கருவுறாத எலிகளுக்கும்கூட. நோய் வெளிப்படுவதற்குச் சுமார் ஐந்து வாரம் முன்பே ரத்தத்தில் அதன் அளவு ஏறத் தொடங்குகிறது என்பது 2004ல் தெரிந்தது. பூட்டு-சாவி விகிதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்கா 2023ல் அனுமதி தந்தது.

கேரளத்துக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2018-20 கணக்குப்படி, உயிருடன் பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு அங்கு இறந்த தாய்மார்கள் 19 பேரே. தேசிய அளவில் 97. ஆனால் கேரள மகப்பேறு மருத்துவர்கள் கூட்டமைப்பு 2004 முதல் இத்தகைய மரணங்களை ரகசியமாக ஆராய்ந்து வந்ததில், ரத்தப்போக்குக்கு அடுத்து வந்து நிற்பது கர்ப்பகால ரத்த அழுத்தம்தான்.

புதிய பரிசோதனை எல்லா ஊருக்கும் எட்டாது. ரத்த அழுத்தக் கருவியும் சிறுநீர்ச் சோதனையும் எட்டும். விடாத தலைவலி, கண் மங்கல், முக வீக்கம் வந்தால் 'கர்ப்பத்தில் இதெல்லாம் சகஜம்' என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மறுபிள்ளை நஞ்சாகத் தொடங்கிவிட்டதா என்பது அங்கேதான் தெரியும்.