பகடை சொல்லும் தீர்ப்பு

  ஆட்டக்காரர்களுக்கு விதிதான் சிக்கல்.

இங்கிலாந்தின் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ஆட்டம் 'வார்ஹாமர்'. விரலளவு வீரர்களும் பூதங்களும் மேசைமேல் மோதும். படை எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை இஞ்சுக் கணக்கில் அளப்பார்கள். சுவருக்குப் பின்னால் நிற்கும் எதிரி வில்லாளியின் கண்ணுக்குத் தெரிவானா? இரண்டு பேரும் குனிந்து பார்ப்பார்கள். ஆளுக்கொரு பதில் வரும். நிஜச் சண்டை அங்கேதான் ஆரம்பம்!

1824-இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் அமைத்த போர்ப்பயிற்சி ஆட்டத்தில் இதற்கென்றே நடுவர் இருந்தார். வார்ஹாமரை வீட்டில் ஆடுகிறவர்கள் நடுவருக்கு எங்கே போவது? அதன் பிந்தைய பதிப்புகளின் விதிப்புத்தகமே வழி சொன்னது: பேசித் தீராவிட்டால் பகடையை உருட்டுங்கள். 1, 2, 3 விழுந்தால் ஒருவர் பக்கம். 4, 5, 6 விழுந்தால் மற்றவர் பக்கம். வாதத்தை ஆட்டம் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

நம் தாயத்திலும் வீட்டுக்கு வீடு விதி வேறு. நேயர்களே, அடுத்த முறை கட்டம் வரையும்போதே கேட்டுவிடுங்கள்: வெட்டினால் மறு ஆட்டம் உண்டா, இல்லையா?