தொழில் தொடங்குமுன் நான்கு கணக்கு

55 வயதானால் சேமநிதிப் பணம் முழுவதையும் எடுக்கலாம். ஆனால் பால்மரத்து வேலை நின்றதும் தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டி வருகிறது. இந்தச் சமயத்தில்தான், "கெமாஸ் பட்டணத்தில் ஒரு பலகாரக் கடை போட்டால் என்ன?" என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. போடலாம். அதற்குமுன் ஒரு தாளில் நான்கு கட்டம் கீறுவோம். நம் பலம், நம் பலவீனம், வெளியே உள்ள வாய்ப்பு, வெளியே உள்ள ஆபத்து என்று எழுதுவோம்.

முதல் இரண்டும் நம் வீட்டுக்குள் இருப்பவை; முயன்றால் மாற்றிக்கொள்ளலாம். மற்ற இரண்டும் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. இது ஏதோ மேல்நாட்டுச் சரக்கு என்று தள்ளிவிட வேண்டாம். வள்ளுவர் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார்.

நம் நாட்டிலேயே நடந்ததைப் பார்ப்போம். 1950-களின் பிற்பகுதியில் ஐரோப்பியக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். பாட்டாளிகளுக்கு வேலையும் போயிற்று, குடியிருந்த வீடும் போயிற்று. இதைவிட ஆபத்து வேறென்ன? ஆனால் தோட்டம் விலைக்கு வருகிறதென்றால், நாமே அதை வாங்கவும் முடியும் அல்லவா? துன் வீ. தி. சம்பந்தன் அப்படித்தான் பார்த்தார். தனி ஆளிடம் தோட்டம் வாங்கப் பணமில்லை என்பது பலவீனம். ஆயிரக்கணக்கானவர்கள் கூலி வாங்குகிறார்கள் என்பது பலம். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பாட்டாளிகள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி, நூறு வெள்ளிப் பங்கு சேர்த்தார்கள். சங்கம் முதலில் வாங்கியது கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம்.

இனி நம் பலகாரக் கடைக்கு வருவோம். வீட்டம்மாவின் கைப்பக்குவம் பலம். பலவீனம் எது? பணம் குறைவு என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். எங்களைக் கேட்டால், சொந்தக்காரருக்குக் கடன் கொடுத்துவிட்டுக் கேட்கக் கூசுவதைத்தான் முதலில் எழுதச் சொல்வோம்.

வெளியே பார்த்தால், கெமாஸ் ரயில் சந்திப்பு. கிழக்குக் கரைப் பாதை இங்கேதான் பிரிகிறது. வண்டி மாறுகிறவர்களுக்குப் பசிக்கும். இது வாய்ப்பு. ஆனால் 2013-இல் வடக்கிலிருந்து கெமாஸ் வரை வந்த மின்சார ரயில் பாதை, இப்போது தெற்கேயும் நீண்டுவிட்டது. தெற்கே போகிறவர் பலர் இனி இங்கே இறங்கவே வேண்டியதில்லை. ஆகவே ரயிலை மட்டும் நம்பி நிலையத்தருகே கூடுதல் வாடகைக்குக் கடை எடுப்பது சரியாக வராது. கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று சொல்லிவைத்து வாங்குகிறவர்களைப் பிடிப்பதே மேல். அதற்குக் கடை வாடகையும் வேண்டாம்.

மூன்று மாதம் சனி, ஞாயிறுகளில் மட்டும் செய்து விற்றுப் பார்க்கலாம். உளுந்து, எண்ணெய், எரிவாயு, நம் கூலி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் கழித்து, மிச்சம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சேமநிதிப் பணம் அதுவரை அங்கேயே இருக்கட்டும். ஆண்டுதோறும் அதற்கு லாப ஈவு சேர்ந்துகொண்டிருக்கும்.