நம்பர் கேட்காத எச்சரிக்கை

2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டில் ஏராளமான செல்போன்கள் ஒரே நேரத்தில் அலறின. ஆரணி, பெரணமல்லூர் பக்கத்துக் குழித்தறிக்காரர்கள் முதல் சென்னை பஸ் பயணிகள் வரை பலரும் திடுக்கிட்டிருப்பார்கள். ஆபத்து ஏதுமில்லை. மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்திய சோதனை அது.

இப்படி எச்சரிக்கை அனுப்பும் முறைக்குப் பெயர் செல் பிராட்காஸ்ட். எஸ்எம்எஸ் ஒவ்வொரு நம்பராகத் தேடிப் போகும். புயல் நேரத்தில் லட்சம் பேருக்கு அனுப்பினால் நெட்வொர்க் திணறும். இதுவோ கோயில் ஒலிபெருக்கி மாதிரி. டவர் ஒருமுறை அறிவிக்கும், அதன் எல்லைக்குள் இருக்கும் போன்களெல்லாம் கேட்டுக்கொள்ளும். யாருடைய நம்பரும் தேவையில்லை, இன்டர்நெட்டும் வேண்டாம். வெளியூர்க்காரர் போனுக்கும் வரும்.

எந்தப் பகுதிக்கு என்று அதிகாரிகள் வரைபடத்தில் குறித்தால், அங்குள்ள டவர்கள் மட்டும் பேசும். டவரின் வீச்சு கிராம எல்லையைப் பார்த்து நிற்காது என்பதால் பக்கத்து ஊரிலும் ஒன்றிரண்டு போன் கத்தலாம். கத்தட்டுமே! ஜப்பானில் 2007 முதலே நிலநடுக்க எச்சரிக்கை இப்படித்தான் போகிறது. இந்தியாவுக்கான தொழில்நுட்பத்தை உருவாக்கியது மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி மையமான சி-டாட்.

மலையும் மழையும் உள்ள திருவண்ணாமலை மாவட்டத்துக்கு இது அவசியம். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள்.

அணைத்து வைத்த போனுக்கும் சிக்னல் இல்லாத இடத்துக்கும் எச்சரிக்கை வராது. சத்தம் தொல்லை என்று செட்டிங்ஸில் அவசர எச்சரிக்கையை நிறுத்தியிருந்தால், இன்றே திரும்ப இயக்கிவிடுங்கள்.