மாத்திரையை நிறுத்துங்கள், டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள்

கண் மஞ்சளாகிறது, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது. "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்டால், "ஒன்றுமில்லை" என்கிறார்கள். உடம்பு இளைக்க மாதக்கணக்கில் விழுங்கும் கிரீன் டீ மாத்திரை அவர்கள் கணக்கில் மருந்தே இல்லை. வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்கள், மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். அந்த மாத்திரையை மட்டும் யாரும் நிறுத்துவதில்லை.

கோப்பையில் குடிக்கும் கிரீன் டீயைக் கண்டு பொதுவாகப் பயப்பட வேண்டாம். சிக்கல் அதன் சாறைச் செறிவாக்கி அடைத்த மாத்திரையில்தான். அதிலுள்ள ஈஜிசிஜி என்னும் பொருள் அளவு மீறினால் கல்லீரலைத் தாக்கும். நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் மாத்திரையாக எடுத்தவர்களுக்குக் கல்லீரல் நொதிகள் உயர்ந்ததை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சுட்டிக்காட்டியது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் அந்த அளவுக்குக் கீழேதான் விற்க வேண்டும் என்று விதித்தது. வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது, கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்குட்பட்டவர்கள் தொடவே கூடாது என்று அட்டையில் அச்சிடவும் வைத்தது. 800க்குக் கீழே என்றால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. மரபணு வாகு காரணமாகச் சிலருக்குக் குறைந்த அளவே கல்லீரலைக் கெடுத்திருக்கிறது.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஒரு மாத்திரையில் சாறு 500 மில்லிகிராம், ஈஜிசிஜி 50 சதவீதம் என்றிருந்தால், ஒரு மாத்திரைக்கு 250 மில்லிகிராம். காலையில் இரண்டு, இரவில் இரண்டு போட்டால் 1000! ஈஜிசிஜி எவ்வளவு என்றே போடாத டப்பாவை வாங்கவே வாங்காதீர்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் முத்திரை, 14 இலக்க உரிம எண், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகம் மூன்றும் இருந்தாக வேண்டும். ஜிம்மில் கைமாறும், வாட்ஸ்அப் குழுவில் விற்கும் டப்பாக்களில் இவற்றைத் தேடிப் பாருங்கள்.

பசியின்மை, குமட்டல், அசதி, அரிப்பு, வலது விலா அடியில் வலி, மஞ்சள் கண் என எது தெரிந்தாலும் அன்றே மாத்திரையை நிறுத்துங்கள். டப்பாவோடு மருத்துவரிடம் போய், எப்போது தொடங்கினீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை என்று சொல்லுங்கள். கல்லீரல் செயல்பாட்டு ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நிறுத்தினால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். தாமதித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் மாற்று அறுவை வரை போயிருக்கிறது, உயிரிழந்தவர்களும் உண்டு.

அடுத்தது புகார். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். டப்பாவைக் குப்பையில் போட்டபின் எதை வைத்து நிரூபிப்பீர்கள்? மீதி மாத்திரை, பேட்ச் எண், பில், ஆன்லைனில் வாங்கியிருந்தால் ஆர்டர் பக்கத்தின் நகல், ரத்தப் பரிசோதனை முடிவுகள், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். மாத்திரையின் பெயரை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

புகாரை மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை நியமன அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை பெறுங்கள். தமிழ்நாட்டில் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணிலும் அனுப்பலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இன் 40ஆம் பிரிவின்படி நீங்களே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். ஆனால், சோதனைக்காகவே வாங்குகிறேன் என்று வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். சரக்கு விதிமீறியது என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். 65ஆம் பிரிவு, கடும் பாதிப்புக்கு 3 லட்சம் வரையும், மரணத்துக்குக் குறைந்தது 5 லட்சமும் இழப்பீடு தர வழி செய்கிறது.

நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணமே இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.

ஷவர்மா கடைகளில் காட்டும் வேகத்தை அதிகாரிகள் இந்த டப்பாக்களிடமும் காட்ட வேண்டும். எழுத்தில் புகார் வராதவரை அவர்கள் அசைய மாட்டார்கள், அதனால் எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று: குணமான பிறகு "இப்போது சரியாகிவிட்டதே" என்று அதே மாத்திரையைத் தொடாதீர்கள், வேறு பெயரில் வரும் கிரீன் டீ சாறையும் தொடாதீர்கள். திரும்பத் தொடங்கியவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பும் திரும்ப வந்திருக்கிறது.