கஷ்டம் வேற, ஆபத்து வேற! பாறையில் ஏறும் 'ஸ்போர்ட் க்ளைம்பிங்'கில் உயிரைக் காப்பது எது? முழு விளக்கம்

தருமபுரி மாவட்டம் ஏரியூரைச் சுற்றி மலைக்கும் பாறைக்கும் பஞ்சமில்லை. செல்போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, செருப்புக் காலோடு உச்சிப் பாறைக்குப் போய் ரீல்ஸ் எடுத்துவிட்டு இறங்கும் இளைஞர்கள் எல்லா மலையடி ஊர்களிலும் உண்டு.

இந்தப் பகுதியிலிருந்து வேலைக்காக பெங்களூரு போகிறவர்களும் ஏராளம். அங்கிருந்து மைசூர் சாலையில் சுமார் 50 கி.மீ. போனால் ராமநகரா. 'ஷோலே' படம் எடுத்த அதே பாறைகள். அங்கே இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு செங்குத்துப் பாறையில் ஏறுகிறவர்களைப் பார்த்தால், "இவங்களுக்கு உயிர் மேல ஆசையே இல்லையா?" என்று தோன்றும்.

உண்மையில் இரண்டில் எது ஆபத்து? செருப்புக் காலோடு ஏறுவதுதான். ஏன் என்று பார்ப்போம்.

ஸ்போர்ட் க்ளைம்பிங்னா என்ன?

பாறையில் துளை போட்டு, குறிப்பிட்ட இடைவெளியில் இரும்பு போல்ட்களை நிரந்தரமாகப் பதித்து வைத்திருப்பார்கள். கீழிருந்து மேல்வரை போல்ட் போட்ட அந்தப் பாதைக்குப் பெயர்தான் 'ரூட்'. ஏறுபவர் ஒவ்வொரு போல்ட்டையும் எட்டியதும், அதில் 'குயிக்டிரா' என்ற இணைப்பை மாட்டி, தன் கயிற்றை அதற்குள் போட்டுக்கொண்டு மேலே போவார். கயிற்றின் மறுபக்கத்தைக் கீழே நிற்கும் கூட்டாளி பிடித்திருப்பார். அவர்தான் 'பிலேயர்'.

கயிறும் போல்ட்டும் ஏறுவதற்கு உதவி செய்யாது. ஏறுவது முழுக்க கை, கால் பலத்தில்தான். விழுந்தால் பிடிப்பது மட்டுமே கயிற்றின் வேலை.

சரி, விழுந்தா என்ன ஆகும்?

கடைசியாக மாட்டிய போல்ட்டுக்கு 2 மீட்டர் மேலே இருக்கும்போது கை நழுவுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த போல்ட் வரை 2 மீட்டர், அதற்குக் கீழே இன்னொரு 2 மீட்டர். கயிற்றின் தளர்வும் இழுவையும் சேர்ந்தால் சுமார் 5 மீட்டர் விழுவார். கிட்டத்தட்ட ஒன்றரை மாடி உயரம்!

ஆனாலும் அடி படாமல் தப்பிப்பது எப்படி? இதற்கான கயிறு ரப்பர் போலக் கொஞ்சம் நீண்டு, அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். கிணற்றுக் கயிறோ, லாரியில் சரக்கு கட்டும் கயிறோ அப்படி நீளாது. 'வெடுக்'கென்று நிறுத்தி இடுப்பையே முறித்துவிடும். கயிற்றை மாட்டும் 'காரபினர்' கொக்கியும் சுமார் 2 டன் எடைக்குச் சமமான இழுவிசையைத் தாங்க வேண்டும் என்பது சர்வதேசத் தரம்.

எந்த இடத்தில் கவனம் தேவை?

உச்சிதான் ஆபத்து என்று நினைப்போம். ஆனால் சிக்கல் கீழேதான். முதல் போல்ட்டை மாட்டும்வரை கயிறு இருந்தும் பயனில்லை. இரண்டாவது, மூன்றாவது போல்ட்டுக்கு முன் விழுந்தால், கயிறு இறுகுவதற்குள் தரையில் மோதிவிட வாய்ப்பு உண்டு. 20 மீட்டர் உயரத்தில் விழுபவர் காற்றில் தொங்குவார். 5 மீட்டரில் விழுபவர் காலை உடைத்துக்கொள்வார்.

ஏறி முடித்தபின் இறங்கும்போதும் விபத்து நடக்கிறது. கயிறு நீளம் போதாமல், அதன் முனை பிலேயரின் கையை விட்டு நழுவிப் போய்விடும். முனையில் ஒரு முடிச்சு போட்டிருந்தால் இது நடக்காது.

8பி+, 9சி... இதெல்லாம் என்ன?

ரூட் எவ்வளவு கஷ்டம் என்பதைச் சொல்லும் பிரெஞ்சு அளவுகோல் இது. எண் கூடக்கூட கஷ்டம் கூடும். ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் ஏ, பி, சி என்று படிகள் உண்டு. இடையில் '+' சேர்ந்தால் அரைப்படி அதிகம்.

கர்நாடகாவின் பாதாமியில் செம்மணற்கல் பாறையில் உள்ள 'கணேஷா' ரூட் 8பி+. இந்தியாவின் கடினமான ரூட்களில் ஒன்றாகப் பெயர் பெற்றது. இதை ஏறி முடித்தவர்களில் புனேவைச் சேர்ந்த துஹின் சதார்கரும் ஒருவர். உலகில் முதல் 9சி ரூட், நார்வேயில் உள்ள 'சைலன்ஸ்'. செக் குடியரசின் ஆடம் ஓண்ட்ரா 2017 செப்டம்பர் 3ஆம் தேதி அதை ஏறினார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். இந்த எண் கஷ்டத்தை மட்டும்தான் சொல்கிறது, ஆபத்தை அல்ல. 8பி+ ரூட்டில் ஒருவர் பல முறை விழுந்து, மறுநாளும் வந்து முயற்சி செய்யலாம். குழந்தைகூட ஏறிவிடும் சாய்வுப் பாறையில் கயிறில்லாமல் ஒரே ஒரு முறை வழுக்கினால், மறுநாள் என்பதே கிடையாது.

கஷ்டமான ரூட்டை எப்படி முடிக்கிறார்கள்?

ஒரே மூச்சில் அல்ல. ரூட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தப் பிடியில் எந்த விரல், எந்த விளிம்பில் எந்தக் கால் என்று மனப்பாடம் ஆகும்வரை பழகுவார்கள். மிகக் கஷ்டமான பகுதிக்கு 'க்ரக்ஸ்' என்று பெயர். கடைசியில் கயிற்றில் ஒருமுறைகூடத் தொங்காமல் கீழிருந்து மேல்வரை ஏறினால்தான் கணக்கு. இதற்கு 'ரெட்பாயின்ட்' என்று பெயர். 1975இல் ஜெர்மனியின் கர்ட் ஆல்பர்ட், இப்படி ஏறிய ரூட்களின் அடியில் சிவப்புப் புள்ளி வைத்ததால் வந்த பெயர் அது.

நம்ம ஊர் மலையில் ஏறலாமா?

காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் சென்றவர்கள் உயிரிழந்த பிறகு, அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் உள்ளன. ஆனால் அவை நடந்து ஏறும் பாதைகள். கயிறு கட்டிப் பாறை ஏறுவது வேறு.

ராமநகராவிலும் எல்லாப் பாறையிலும் ஏறிவிட முடியாது. ராமதேவர பெட்டா 2012இல் கழுகுகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பாறை இடுக்கில் கூடு வைக்கும் மலைத்தேனீக்களையும் மறக்கக் கூடாது. கயிற்றில் தொங்குபவரால் ஓட முடியாது. குவாரியில் வெடி வைத்த பாறையை நம்பவே கூடாது. விரிசல் உள்ளே இருக்கும்.

முறையாகக் கற்க, கர்நாடக அரசின் ஜெனரல் திம்மையா தேசிய சாகச அகாடமி போன்றவை பயிற்சி தருகின்றன. நாட்டளவில் இந்த விளையாட்டைக் கவனிப்பது டெல்லியில் உள்ள இந்திய மலையேற்ற அறக்கட்டளை.

ஏறும் முன் கட்டாயம் பார்க்க வேண்டியவை:

* இடுப்புப் பட்டையின் பக்கிள் இறுகியிருக்கிறதா? இருவரும் ஒருவருடையதை மற்றவர் பார்க்க வேண்டும்.
* கயிறு சரியான முடிச்சோடு இடுப்புப் பட்டையில் கட்டப்பட்டிருக்கிறதா?
* பிலே கருவியில் கயிறு சரியாகப் போயிருக்கிறதா, பூட்டு மூடியிருக்கிறதா?
* கயிற்றின் மறுமுனையில் முடிச்சு இருக்கிறதா?
* தலையில் ஹெல்மெட் இருக்கிறதா?
* பிலேயரின் கையில் செல்போன் இல்லையே?